விடத் தெரியாத தசை

ஜனவரி 9

என் பம்புக்காரருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னது நீங்கள்தான். எழுத்தில் கத்த முடியாது என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. என்னால் முடியும். உதாரணத்துக்கு இது.

விமான நிலையத்தில் அத்தனை பேருக்கு நடுவில் என்ன சொன்னீர்கள்? "உனக்கு நான் வேணாம்னா நேராச் சொல்லிடு. எதுக்கு மூத்திரப்பை, வலின்னு சுத்தி வளைக்கிற?" சொல்லிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சுற்றி வளைத்துப் பேசி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த வரிசையில் எத்தனை மணிக்கு என்று நேராகச் சொல்வதுதான் என் பிழைப்பு.

நேராகவே சொல்கிறேன். மூத்திரம் கொஞ்சம் சேர்ந்தாலே உள்ளே யாரோ மிளகாய் அரைக்கிற மாதிரி இருக்கிறது. போய்விட்டு வந்தாலும் தீரவில்லை. பரிசோதனை இந்தத் தடவையும் சுத்தம். கிருமி இல்லை, கல் இல்லை. கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், "லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம். என் கண்ணாடிக் கூண்டில் அவரை ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். ஒரு பஸ் கிளம்பினால் அடுத்தது வந்து நிற்கும். நடுவில் எழுந்து போனால் டைம்கீப்பர் அண்ணன்தான் மைக்கைப் பிடிக்க வேண்டும். அவர் குரலைக் கேட்டதும் ஏதோ கலவரம் என்று ஜனங்கள் ஓடத் தொடங்குகிறார்கள். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நான் அடக்கி அடக்கிப் பழகியவள்.

நீங்கள் வீடியோவில் அனுப்பிய பயிற்சியை விடாமல் செய்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு தடவை. வாய் ஊர்ப் பெயர்களைச் சொல்லும், கீழே சுருக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். எதிரே நிற்கிற எந்தப் பயணிக்கும் தெரியாது.

டாக்டர் இப்போது பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். போகப் போகிறேன்.

மைக்கு


பிப்ரவரி 2

மைக்கம்மாவுக்கு,

என் அறையில் இருக்கிற வெல்டர் அடுத்தவன் கடிதத்தை எட்டிப் பார்க்கிற ஆசாமி. அதனால் உன்னுடையதைக் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். உன் வியாதியைப் பற்றிப் படிக்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

விமான நிலையத்தில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. லீவில் வந்தவன் சோபாவில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்துவிட்டுப் போனேன். பக்கத்தில் வந்தாலே நீ மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய். கண்ணை மூடிக்கொள்கிறாய், ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி. அதைப் பார்த்துவிட்டு ஒரு மனுஷன் என்ன நினைப்பான்? நான் மரமா?

பயிற்சியை மட்டும் விடாதே. எங்கே தளர்ந்ததோ அங்கேதான் கோளாறு. இறுக்கினால் சரியாகிவிடும். பம்பு பழுது பார்க்கிறவனுக்குத் தெரியாதா? பிசியோதெரபி என்பது முதுகுக்கும் முழங்காலுக்கும்தானே, அந்த இடத்துக்கு என்ன கூத்து அது? பார்க்கிறவர் பெண்தானே? கேட்டுவிட்டேன், திட்டாதே.

நல்ல சேதி: ஜூன் லீவு கிடைத்துவிட்டது. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவேன். பம்பு பழுது பார்க்கிற கடை ஒன்று போட்டுக்கொண்டு, மத்தியானம் உன் கையால் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் உன் பஸ் நிலைய வாசலில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த அனல் காற்றிலும் டிசம்பரை நினைத்தால் குளிர்கிறது.

ஜூனில் சோபா கிடையாது. சொல்லிவிட்டேன்.

பம்பு


பிப்ரவரி 27

பம்புக்காரருக்கு,

பெண்தான். நிம்மதியாகத் தூங்குங்கள்.

என்னைவிட இளையவள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். சின்ன அறை, காகிதம் விரித்த கட்டில், மேஜைமேல் இடுப்பெலும்பின் பொம்மை ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் சிவப்பாகத் தசை. "இது தொட்டில் மாதிரிம்மா. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாத்தையும் கீழேர்ந்து இதுதான் தாங்குது" என்றாள். எனக்குள் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டுதான் செய்தாள். "கை வைக்கட்டுமா? வேணாம்னா எப்ப வேணா சொல்லுங்க, நிறுத்திடறேன்." என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு அனுமதி கேட்டதில்லை. கையுறை போட்ட ஒரு விரல், அவ்வளவுதான் உள்ளே.

"சுருக்குங்க" என்றாள். சுருக்கினேன். அதில்தான் நான் தேர்ந்தவள் ஆயிற்றே.

"சரி, விடுங்க."

விட்டேன்.

"விடுங்கம்மா."

"விட்டுட்டேனே!"

"இல்லம்மா. விட்டுட்டதா நீங்க நினைக்கிறீங்க."

பிறகு பக்கவாட்டில் ஓரிடத்தில் மெல்ல அழுத்தினாள். மூத்திரப்பையில் அதே எரிச்சல், அதே குத்தல். அலறிவிட்டேன். அவள் மூத்திரப்பையைத் தொடவே இல்லை. "இதானே உங்க வலி?" என்று கேட்டாள். இத்தனை டாக்டர்களில் ஒருவரும் என் வலியைக் கண்டுபிடித்து என் முன்னால் வைத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் கேட்டாள். "சுருக்கிப் பிடிக்கிற பயிற்சி ஏதாவது செய்றீங்களா?"

"ஒன்றரை வருஷமா."

"யார் சொன்னாங்க?"

டிவியில் பார்த்ததாகச் சொன்னேன்.

"இன்னிக்கே நிறுத்திடுங்க. தளர்ந்து போனவங்களுக்குத்தான் அது மருந்து. உங்களுக்கு ஏற்கெனவே மூடின முஷ்டி. அதை இன்னும் மூடு, இன்னும் மூடுன்னா என்னாகும்?"

அவளிடம் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு தடவை செய்தேன். நீங்கள் தந்தது என்று ஆசையாகச் செய்தேன். அத்தனை பஸ்ஸையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மைக்கு


மார்ச் 20

மைக்கம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். "நல்லதுக்குக் காலமில்லை" என்று தொடங்கினேன். யாரும் அனுமதி கேட்டதில்லை என்ற வரி எனக்காக எழுதியதுதானே என்று கேட்டிருந்தேன். இன்னும் என்னென்னவோ. அதையெல்லாம் கிழித்துவிட்டேன். இது இன்று எழுதுவது.

இங்கே பெரிய பம்புகளில் தண்டு வெளியே வருகிற இடத்தில் கயிறு மாதிரி பேக்கிங் சுற்றி, மேலே மூடி போட்டு, நட்டை முடுக்குவோம். அந்த இடத்தில் தண்ணீர் சொட்டும். சொட்டத்தான் வேண்டும், அந்த ஈரத்தில்தான் தண்டு சூடாகாமல் ஓடும். விவரம் தெரியாதவன் சொட்டைப் பார்த்ததும் ஸ்பானரை எடுத்து இறுக்குவான். சொட்டு நிற்கும். பேக்கிங் காயும். தண்டு பொசுங்கும்.

இன்று அப்படி ஒன்று பொசுங்கிவிட்டது. ஷிஃப்ட்டில் இருந்தவனை எல்லார் முன்னாலும் கிழித்தேன். "சொட்டு விடணும்னு எத்தனை தடவைய்யா சொல்றது? இறுக்கினா சரியாப்போயிடும்னு எவன்யா உனக்குச் சொன்னான்?" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எவன் சொன்னான் என்று எனக்குத் தெரியுமே.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். நான் பம்புக்குச் சொன்னதைப் பெண்டாட்டிக்குச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். இதைக் கேட்டதாக வைத்துக்கொள்.

அந்த அம்மா சொல்கிறபடி செய். எவ்வளவு நாளானாலும் செய்.

பம்பு


மே 6

பம்புக்காரருக்கு,

இரண்டு மாதமாக உங்களுக்கு நல்ல சேதி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தரையில் படுத்து, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்து, மூச்சை அடிவயிறு வரை இறக்க வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது கீழே பூ விரிகிற மாதிரி நினைக்கச் சொன்னாள். பூவெல்லாம் எனக்கு வரவில்லை. பஸ் கதவு "புஸ்" என்று திறக்குமே, அதை நினைத்துக்கொண்டேன். திறந்தது. பிசியோ சிரித்துவிட்டு, "உங்களுக்குக் கதவு, சரி, கதவுன்னே வச்சுக்குவோம்" என்றாள். வாரா வாரம் உள்ளே அந்தக் கல்லு கல்லான இடங்களை விரலால் பிடித்துக்கொண்டே இருப்பாள், அது உருகுகிற வரைக்கும். ஏப்ரலில் ஒரு நாள் காலை முழுக்கக் கூண்டைவிட்டு எழுந்திருக்காமல் வேலை பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. மைக்கில் சொல்லவா முடியும்?

இனி மற்றது. போன வாரம் உங்கள் அக்கா வந்து, "தம்பி வர்றான்ல" என்று நம் அறைத் திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்கள். நானும் சிரித்தேன். மறுநாளே வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

பிசியோ கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் மறுபடி கல்லா இருக்கு? வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றாள்.

"இல்லையே. அவர் வர்றார்."

"பயமா இருக்கா?"

"ஆசையா இருக்கு."

"அந்தத் தசைக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. வலிக்கப் போகுதுன்னு முன்கூட்டியே மூடிக்குது. அப்படியே பழகிடுச்சு."

"அப்ப வியாதி மனசுலதானா?"

"இல்ல. வலி நிஜம், தசையும் நிஜம். மனசு சொல்றதைக் கேக்கற தசை இல்ல அது, அவ்வளவுதான்."

நீங்கள் ஒரு நாளும் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை. எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் மறைத்து இன்னொரு சண்டை வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மைக்கு


மே 24

மைக்கம்மாவுக்கு,

என்னைப் பிசாசு என்று நினைத்துவிட்டதா உன் தசை?

நான்கு நாளாக அந்த ஒரு கேள்விதான் மண்டையில் ஓடுகிறது. சரி, விடு. சோபாவிலேயே படுத்துக்கொள்கிறேன். அக்கா வீட்டில் தங்கலாம்தான், ஆனால் உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? தொட மாட்டேன். நீயாகக் கூப்பிட்டால் ஒழிய பக்கத்தில் வர மாட்டேன். இது சத்தியம்.

டிக்கெட்டை மட்டும் மாற்றச் சொல்லாதே. உன்னைப் பார்க்க வேண்டும். பார்க்கிறதற்குமா அது மூடிக்கொள்ளும்?

பம்பு


ஜூலை 15

பம்புக்காரருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று உங்கள் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ஒரு வரி இல்லை. நானும் உங்களைப் போலப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் அறைக்குள்ளேயே கதவைத் தட்டிவிட்டு வந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் நடுவில் ஒரு தலையணையை வைத்தீர்கள். தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பீர்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை முகம். "பரவால்ல" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கீழே பூட்டு விழுந்துவிடும். நீங்கள் பழையபடி ஒரு சண்டை போட்டிருக்கலாம். சண்டைக்கு நான் பழகியவள்.

அந்த மத்தியானம் கூப்பிட்டது நான்தான். ஆசை இருந்தது, பொய்யில்லை. இவ்வளவு நல்லவராக இருக்கிற மனுஷனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதும் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன், சத்தமே போடவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சட்டென்று விலகி, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டீர்கள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று யார் சொன்னது? அத்தனை பஸ் இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்கிறவள் நான்.

நீங்கள் போன பிறகு ஒரு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு, கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் கிடந்தேன். பிசியோ பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சமும் சலிப்பு இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. இப்படி எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருக்கிறாளோ.

உங்கள் அக்கா கடைக்கு இடம் பார்த்துவிட்டார்களாம். டிசம்பர் என்றால் இனி லீவு இல்லை, தினமும். தினமும் காலையில் அந்த முகம், அந்தக் கேள்வி. பதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது.

நீங்கள் எனக்கு வேண்டும். விமான நிலையத்தில் கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். வேண்டும்.

மைக்கு


செப்டம்பர் 4

மைக்கம்மாவுக்கு,

இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நடுவில் லீவு வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்பெனி விட மாட்டேன் என்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

வெல்டர், "மூளை கழண்டு போச்சா உனக்கு? எல்லாரும் ஊருக்குப் போக அழறான், நீ இங்க இருக்கறதுக்கு அழறியே" என்றான். அழுதது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. இந்த அறையில் மறைவிடம் கிடையாது.

கோபத்தில் போட்டதில்லை. வீம்பு இல்லை. வேறு யாரும் இல்லை. உன் ஜூலைக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொட்டாலும் உனக்கு வலி, தொடாவிட்டாலும் வலி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் வலி. வேறு என்னதான் மிச்சம் இருந்தது?

மூன்று வருஷத்தில் அந்தத் தசை என்னை மறக்கட்டும். மறந்த பிறகு, புது ஆள் மாதிரி, அந்த அம்மா கேட்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு வருகிறேன். அதற்குள் எனக்கு முடி கொட்டிவிடும், சிரிக்காதே.

ஒன்றே ஒன்று வேண்டும். இதைப் படித்த அன்று உனக்கு எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் எழுது. "பரவாயில்லை" வேண்டாம்.

பம்பு


செப்டம்பர் 28

என்னவருக்கு,

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள்.

வேலைக்குக் கிளம்பும்போது கடிதம் வந்தது. நடந்துகொண்டே படித்தேன். "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று நடுத்தெருவில் நின்று சத்தமாகக் கேட்டேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கப் போகிறவருக்கு இதற்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? மூன்று வருஷத்தை நீங்கள் மட்டும் ஒரு பேனாவை எடுத்து முடிவு பண்ணிவிடுவீர்களா? உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகாது.

கூண்டில் உட்கார்ந்து அழுதேன். மைக்கை அணைத்துவிட்டு அழுவேன். பஸ் வந்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் போட்டுப் பேசுவேன். மறுபடி அணைப்பேன். டைம்கீப்பர் அண்ணன் ஜலதோஷம் என்று நினைத்து டீ வாங்கி வைத்தார். டீ எரிச்சலைக் கிளப்பும் என்று நான் அதைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று எந்த நினைப்பும் இல்லாமல் குடித்துவிட்டேன்.

ஷிஃப்ட் முடியப் போகிற நேரத்தில்தான் உறைத்தது. காலையில் உட்கார்ந்தவள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. வலி எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இல்லை. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, கீழே மட்டும் எல்லாம் தளர்ந்து, லேசாக, சுகமாக இருந்தது. நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரிந்ததில் என் உடம்புக்கு நிம்மதி. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அது நிம்மதியாக இருந்தது. அதன்மேல் காறித் துப்பலாம் போல் வந்தது எனக்கு.

மறுநாளும் வலி இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. இரண்டு மாதமாகப் பிசியோ பாடுபட்டதன் பலன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் இருக்கலாம். அவள் பார்த்துவிட்டு, "அம்மா, விட்டுட்டீங்க! நிஜமாவே விட்டுட்டீங்க! என்ன செஞ்சீங்க இந்த வாரம்?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

இதை எழுதாமல் இருந்துவிடலாமா என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நல்ல பொய் ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்துவிடுங்கள் என்று எழுத உட்கார்ந்தால், எழுதி முடிப்பதற்குள் கீழே இறுகுகிறது. வராதீர்கள் என்று எழுத என் கை இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லை.

நேற்று கூண்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். டைம்கீப்பர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இப்பல்லாம் மூஞ்சி தெளிஞ்சு கிடக்கு? டிசம்பர் நெருங்குதுல்ல, வீட்டுக்காரர் வர்ற சந்தோஷமா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்றேன்.

மைக்கு